எழுநூற்றுப் பதினைந்து

கிரிக்கெட் ஆட்டத்தில் ஒருவர் நூறு ஓட்டம் எடுத்தார் என்றால், அதன் பெருமையை நேயர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் தெருமுனைதோறும் கேட்கும் எண் அது. ஆனால் தொண்ணூற்றொன்பதுக்கும் நூற்றுக்கும் இடையே இருப்பது ஓர் ஓட்டமே. அந்த ஒன்றுக்கு நாம் ஏன் இத்தனை மதிப்புக் கொடுக்கிறோம் என்று கேட்டால், விடை கூறுவது எளிதன்று. எண்களுக்குத் தாமாக ஒரு பெருமையும் கிடையாது. மக்கள் கூடித்தான் அவற்றுக்குப் பெருமை தருகிறார்கள். அமெரிக்க மக்கள் அவ்வாறு பெருமை தந்த சில எண்களைப் பற்றியும், அவற்றை எட்டுவதற்கு ஒருவர் கொடுக்க நேர்ந்த விலையைப் பற்றியும் இன்று பேசக் கருதுகிறோம்.

பேஸ்பால் என்னும் ஆட்டம் நம் நாட்டில் பரவவில்லை. ஆகையால் அதன் அமைப்பை முதலில் சுருங்கச் சொல்லிவிடுவோம். ஒரு சதுரத்தின் மூலை கீழே வருமாறு திருப்பி வைத்தாற்போன்ற களம். நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே தொண்ணூறு அடி. மட்டையாளர் நிற்கும் கீழ்மூலைக்கு 'ஹோம்', அதாவது வீடு, என்று பெயர். அங்கிருந்து அறுபது அடி ஆறு அங்குலத் தொலைவில் பந்தெறிபவர் நிற்கிறார். அவர் எறியும் பந்து தரையில் பட்டு எழுவதில்லை, நேரே வருகிறது. மட்டையும் நாம் அறிந்த தட்டை மட்டையன்று. உலக்கையைப் போல் உருண்டது. பந்தை அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று சுற்றி வந்து வீடு சேர்ந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். பெரும்பாலோர் ஒரே மூச்சில் வீடு சேர்வதில்லை. வழியில் ஏதேனும் ஒரு தளத்தில் தங்கி, அடுத்தவருடைய அடிக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் இரண்டு எல்லைக்கோடுகளுக்கு உட்பட்டு, முந்நூறு நானூறு அடிக்கு அப்பாலுள்ள வேலியைப் பந்து பறந்து கடந்துவிட்டால், அடித்தவரைத் தடுப்பார் எவருமில்லை. அவர் நிதானமாக ஓடி வந்து வீடு சேரலாம். அதுவே ஹோம் ரன். வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மூன்று இடம் சுற்றி, மீண்டும் வீடு சேர்வதையே வெற்றியாகக் கணக்கிடும் ஆட்டம் இது. ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நேயர்கள் இதைக் கேட்டுப் புன்னகை புரியக்கூடும்.

ஓர் ஆட்டக்காரர் தம் வாழ்நாள் முழுவதும் அடித்த ஹோம் ரன்களைக் கூட்டி வைப்பது அமெரிக்கர் வழக்கம். மேஜர் லீக் எனப்படும் தலைமைப் போட்டியில் ஆண்டுக்கு 154 ஆட்டங்கள் நடந்து வந்தன. 1960-களின் தொடக்கத்திலிருந்து 162. இத்தனை ஆட்டங்களில் முப்பது ஹோம் ரன் அடித்தவர் அவ்வாண்டின் சிறந்த மட்டையாளர்களுள் ஒருவராக எண்ணப்படுவார். அப்படி முப்பது முப்பதாகச் சேர்த்தாலும் ஐந்நூற்றை எட்டப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முழங்கால் தேய்ந்து, தோள் வலித்து, கண் மங்கி, முப்பத்தைந்து வயதுக்குள் ஆட்டத்தைவிட்டு விலகுவோரே மிகுதி. ஆகவேதான் ஐந்நூறு என்பது ஒரு பெரிய மைல்கல்லாயிற்று. மேஜர் லீகில் ஆடியோர் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெனிசுவேலா நாட்டவரான மிகேல் கப்ரேரா ஐந்நூற்றைத் தொட்டபோது அவர் அந்த வரிசையில் இருபத்தெட்டாமவர். அறுநூற்றை எட்டியவர் ஒன்பதின்மர். எழுநூறோ நால்வருக்கு மட்டுமே கிட்டியது.

இந்த எண்ணிக்கையின் கதை பேப் ரூத் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. அவருக்கு முன் ஹோம் ரன் ஒரு தற்செயலான நிகழ்ச்சி. ஒரே பந்தை ஆட்டம் முடியும்வரை வைத்து ஆடுவார்கள். அது அழுக்கேறி, நைந்து, போதாக்குறைக்கு எறிபவர் அதில் எச்சிலையும் புகையிலைச் சாற்றையும் தடவ, ஈரத்துணி மூட்டையைப் போலாகிவிடும். அதை வேலிக்கு அப்பால் அனுப்புவது யாரால் முடியும்? பிராங்க் பேக்கர் என்பவருக்கு 'ஹோம் ரன்' பேக்கர் என்றே பட்டப்பெயர் இருந்தது. ஓர் ஆண்டில் அவர் அடித்த மிகப் பெரிய எண்ணிக்கை பன்னிரண்டுதான்! 1920-இல் எச்சில் பந்து தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து தாக்கி உயிரிழந்தார். அழுக்குப் பந்து கண்ணுக்குத் தெரியாமற் போனதே காரணம் என்று பலரும் கருதவே, அடிக்கடி புதுப் பந்து மாற்றும் வழக்கம் வேரூன்றியது.

பால்டிமோர் நகரில் 1895-இல் பிறந்து, அடங்காப் பிள்ளை என்று ஒரு சீர்திருத்தப் பள்ளியில் விடப்பட்டு வளர்ந்தவர் ரூத். பாஸ்டன் குழுவில் பந்தெறிபவராகத்தான் அவர் புகுந்தார். அக்குழு அவரை நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றது. 1920-இல் அங்கே அவர் அடித்தவை 54. மேஜர் லீகின் மற்றப் பதினைந்து குழுக்களில், ஒன்று நீங்கலாக, எந்தக் குழுவின் ஆட்டக்காரர் அனைவரும் சேர்ந்தும் அவ்வாண்டு அத்தனை அடிக்கவில்லை. 1927-இல் அறுபது அடித்தார். 1929-இல் முதன்முதலாக ஐந்நூற்றையும், 1934-இல் முதன்முதலாக எழுநூற்றையும் தொட்டார். 1935-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரில், உடல் பருத்து ஓட்டம் தளர்ந்திருந்த நாற்பது வயதில், ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது அவருடைய 714-ஆவது. சில நாட்களில் ஆட்டத்தைவிட்டே விலகினார்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. ரூத்துக்கு முன் இந்த வாழ்நாள் கணக்கில் முதலிடம் யாருக்கு இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடிய ரோஜர் கானர் என்பவருக்கு. அவர் அடித்தவை 138. 1921-இல் ரூத் அந்த எண்ணைக் கடந்தபோது மாலையுமில்லை, முழக்கமுமில்லை. அப்படி ஒரு கணக்கை எவரும் கூட்டி வைத்திருக்கவில்லை! கானர் அப்போது உயிரோடுதான் இருந்தார், 1931-இல் காலமானார். அவருக்கு உரிய எண்ணிக்கை முறையாகக் கணக்கிடப்பட்டது பிற்பாடு ஆராய்ச்சியாளர் பழைய ஏடுகளைப் புரட்டிய பின்னரே. நாடு முழுவதும் மூச்சடக்கி எதிர்பார்த்த ஓர் எண், அரை நூற்றாண்டுக்கு முன் எவரும் அறியாத எண்ணாக இருந்தது.

மைல்கல் நாட்டிவிட்டால், அதன் ஓரத்தில் நின்றுவிட்டவர் கதையும் உடன் வருகிறது. ரூத்துடன் ஆடிய லூ கெரிக் 493 அடித்தவர். 2,130 ஆட்டங்களில் ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து ஆடியவர். 1939-இல் தசைகளை முடக்கும் கொடிய நோய் அவரைப் பற்றியது. இரண்டே ஆண்டுகளில் மாண்டார். ஐந்நூற்றுக்கு ஏழு குறைவு. பல ஆண்டுகளுக்குப் பின் பிரெட் மக்கிரிப் என்பவரும் அதே 493-இல் நின்றார். 1994-இல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்தால் பருவம் பாதியில் நின்றதே, அந்த நாட்களில் ஓர் ஏழு அடித்திருக்கமாட்டாரா என்று இன்றும் பேசுவோர் உண்டு. டெட் வில்லியம்ஸ் 521 அடித்தவர். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் விமானப் பணிக்காக அவர் இழந்த காலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அவை கைக்கு வந்திருந்தால் கணக்கு எங்கே போயிருக்கும் என்று சொல்ல இயலாது.

ஆயினும், களத்துக்குள் வந்து நோயாலும் போராலும் தடைப்பட்டவர் இவர்கள். களத்துக்குள் விடவே படாதவர் வேறு. 1947-ஆம் ஆண்டு வரை மேஜர் லீகில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. சட்டத்தில் எழுதப்படாத, ஆனால் எல்லாரும் காத்துவந்த கட்டுப்பாடு அது. கறுப்பினத்தவர் தமக்கெனத் தனிப் போட்டிகள் நடத்தினர். அக்காலப் பெயர்ப்படி அவை நீக்ரோ லீக் எனப்பட்டன. அவற்றில் ஆடியவர் ஜாஷ் கிப்சன். கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறித்த பலகை, லீக் ஆட்டங்களிலும் மற்ற ஆட்டங்களிலுமாக ஏறத்தாழ எண்ணூறு ஹோம் ரன் அடித்தவர் என்று கூறுகிறது. ஊர் ஊராகப் பேருந்தில் சென்று, எந்தத் திடல் கிடைத்ததோ அதில் ஆடிய ஆட்டங்கள். பலவற்றுக்கு எழுத்துக் குறிப்பே இல்லை. கிப்சன் 1947 ஜனவரியில் முப்பத்தைந்து வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15-ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் குழுவில் களமிறங்கிக் கதவைத் திறந்தார்.

அந்தக் கதவின் வழியே வந்தவர்களுள் ஒருவர்தான் இன்றைய பேச்சின் நாயகர். அலபாமா மாநிலத்தில் மொபீல் என்னும் துறைமுக நகரில் 1934-இல் பிறந்தவர் ஹென்றி ஆரன். தந்தை கப்பல் கட்டுந்துறையில் கூலி வேலை செய்தவர். மட்டை வாங்க வழியில்லாததால் கழியை எடுத்து, பாட்டில் மூடிகளை எறியச் சொல்லி அடித்துப் பழகினார் என்பர். மட்டையைப் பிடிக்கும் முறையைக் கற்பிக்கவும் ஆளில்லை; மேலே இருக்க வேண்டிய கை கீழேயும் கீழே இருக்க வேண்டிய கை மேலேயுமாகப் பிடித்தே நெடுநாள் ஆடினார். 1952-இல், பதினெட்டு வயதில், நீக்ரோ லீகைச் சேர்ந்த இண்டியானாபோலிஸ் க்ளவுன்ஸ் குழுவில் மாதம் இருநூறு டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். தாய் கட்டிக்கொடுத்த உணவுப் பொட்டலமும் இரண்டு டாலருமாக அவர் ரயிலேறினார்.

அக்குழுவோடு வாஷிங்டனில் தங்கியபோது நடந்த ஒன்றை ஆரன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மழை பெய்துகொண்டிருந்த காலைவேளை. ஓர் உணவகத்தில் குழுவினர் உண்டு முடித்தனர். எழுந்து வெளியே வரும்போது சமையற்கட்டிலிருந்து தட்டுகள் உடையும் ஓசை கேட்டது. கறுப்பர் உண்ட தட்டு என்பதால் அவற்றை உடைத்தெறிந்துகொண்டிருந்தார்கள். தனிக் குவளையை அறிந்த நம் நாட்டாருக்கு அந்த ஓசையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சில வாரங்களில் பிரேவ்ஸ் குழு அவரை விலைக்கு வாங்கியது. 1953-இல் தென் மாநிலங்களில் நடைபெறும் ஒரு கீழ்ப்போட்டிக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே ஆடிய முதற் கறுப்பினத்தவர் சிலரில் அவரும் ஒருவர். வெள்ளைத் தோழர்கள் விடுதியில் தங்குவார்கள். இவரும் உடன் வந்த ஓரிருவரும் ஊரின் மறுகோடியில் யாரேனும் இடங்கொடுக்கும் வீட்டில் தங்குவார்கள். அவ்வாண்டு அப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது ஆரனுக்கே கிடைத்தது. 1954 வசந்தத்தில் மில்வாக்கி குழுவின் பாபி தாம்சன் என்பவர் கணுக்கால் முறிந்து படுக்க, அவருடைய இடம் இருபது வயது ஆரனுக்கு வந்தது. ஏப்ரல் 23-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் ஹோம் ரன். 714 என்ற எண்ணை அன்று எவர் நினைத்திருப்பார்?

ஆரனின் ஆட்டத்தில் ஆரவாரம் இல்லை. ரூத் அடித்தால் பந்து வானளாவி எழும். தவறினாலும் அந்த வீச்சைக் காணவே கூட்டம் வரும். ஆரனோ மெலிந்த உடல். மணிக்கட்டின் வேகமே அவருடைய வலிமை. பந்து கடைசிக் கணம் வரை வரட்டும் என்று காத்திருந்து, சட்டென்று மணிக்கட்டைச் சுழற்றுவார். ஓர் ஆண்டில்கூட ஐம்பதை அவர் எட்டியதில்லை. மிகுதியாக அடித்தது 1971-இல், 47. ஆனால் 1955 முதல் 1974 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து, ஓர் ஆண்டும் இருபதுக்குக் குறையவில்லை. 1966-இல் குழு அட்லாண்டா நகருக்குப் பெயர்ந்தது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி மேலுள்ள ஊர். வெப்பமான, அடர்த்தி குறைந்த காற்று. பந்து சற்றே கூடுதலாகப் பறக்கும். அதையும் அவர் பயன்படுத்திக்கொண்டார். 1968-இல் ஐந்நூறு, 1971-இல் அறுநூறு, 1973 ஜூலையில் எழுநூறு. அமெரிக்கா திடுக்கிட்டு விழித்துப் பார்த்தபோது ரூத்தின் அருகே ஆரன் வந்துவிட்டிருந்தார்.

அப்போது தொடங்கியது துன்பம். 1973-இல் ஆரனுக்கு வந்த கடிதங்கள் 9,30,000 என்று அமெரிக்க அஞ்சல் துறை மதிப்பிட்டது. அரசியல்வாதிகள் அல்லாத எவருக்கும் அந்த ஆண்டு அத்தனை கடிதம் வரவில்லை. அவற்றுள் பல வாழ்த்துக்கள். ஆயிரக்கணக்கானவை வசைகள், சில கொலை மிரட்டல்கள். கறுப்பன் ஒருவன் ரூத்தின் எண்ணைத் தொடலாகாது என்பதே அவற்றின் சாரம். துப்பாக்கியோடு ஒரு காவலர் எப்போதும் உடனிருந்தார். விடுதிகளில் வேறு பெயரில் அறை எடுத்தார்கள். ஆடுகளத்திலிருந்து பின்வாசல் வழியே வெளியேறினார்கள். குடும்பத்தினருக்கும் பாதுகாப்புத் தேவைப்பட்டது. வசைக் கடிதங்களின் செய்தி வெளியானதும் நாடெங்கும் இருந்து ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன என்பதையும் சொல்லவேண்டும். ரூத்தின் மனைவி கிளேர் அம்மையார், தம் கணவர் இருந்திருந்தால் ஆரனை ஊக்குவித்திருப்பார் என்று வெளிப்படையாகவே கூறினார்.

பகைமை கொண்டோரை விடுவோம். கணக்குப் பேசியோரும் இருந்தனர். ரூத் சுமார் 8,400 முறை மட்டை பிடித்து 714 அடித்தார், ஆரனுக்கு அதைவிட ஏறத்தாழ மூவாயிரம் முறை கூடுதலாகத் தேவைப்பட்டதே என்பது அவர் வாதம். எண் சரிதான். ஆனால் ரூத் எதிர்கொண்ட பந்தெறிவோர் அனைவரும் வெள்ளையர். நாட்டின் திறமையில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டு ஆடிய ஆட்டம் அது. இரவில் விளக்கொளியில் ஆடும் தொல்லையும் அவருக்கு இல்லை. அன்றியும், இருபத்து மூன்று ஆண்டு உடலைக் காத்துக்கொண்டு நாள்தோறும் களத்துக்கு வருவதைத் திறமையிற் சேர்க்காமல் வேறு எதிற் சேர்ப்பது? ரூத்தின் பேராற்றலை நாம் மறுக்கவில்லை. நிதானத்தை ஆற்றலாகக் காணாத கண்ணைத்தான் குறை கூறுகிறோம்.

1973 பருவம் முடிந்தபோது ஆரனின் கணக்கு 713. ஒன்று குறைவு, இரண்டு அடித்தால் முந்தலாம். ஆனால் பருவம் முடிந்துவிட்டது. குளிர்காலம் முழுவதும் மிரட்டல்களோடு காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு முதல் மூன்று ஆட்டங்கள் வெளியூரான சின்சினாட்டியில். சொந்த ஊரில் அந்தச் சாதனை நிகழவேண்டும் என்று குழுவினர் விரும்பினர். இரண்டிலாவது அவரை ஆடவைத்தே தீரவேண்டும் என்று பேஸ்பால் ஆணையர் கட்டளையிட்டார். முதல் ஆட்டம் 1974 ஏப்ரல் 4. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு அன்றோடு ஆறு ஆண்டுகள். ஆட்டத்துக்கு முன் ஒரு கணம் மௌனம் காக்கலாமே என்று ஆரன் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அந்தப் பருவத்தில் அவர் முதன்முதலாக மட்டையை வீசினார். அந்த ஒரே வீச்சில் 714!

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 8-ஆம் நாள் இரவு, அட்லாண்டா திடலில் 53,775 பேர் கூடியிருந்தனர். எதிர்க்குழு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். பந்தெறிந்தவர் ஆல் டௌனிங், அவரும் கறுப்பினத்தவர். இருவர் சட்டையிலும் இருந்த எண் 44 என்பது ஒரு விந்தை. நான்காம் இன்னிங்ஸில் வந்த ஒரு பந்தை ஆரன் அடித்தார். இடப்புறத் தடுப்பாளர் வேலிமேல் ஏறிப் பார்த்தார். பந்து அவரைக் கடந்து சென்றது. வேலிக்கு அப்பால் நின்ற சக ஆட்டக்காரர் டாம் ஹவுஸ் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தளத்தை நோக்கி ஓடினார்.

டாட்ஜர்ஸ் குழுவின் ஆட்டங்களை ஒலிபரப்பி வந்த வின் ஸ்கல்லி அன்று செய்ததை, வானொலியில் பேசும் நாம் குறிப்பிடாமலிருக்க முடியாது. பந்து வேலியைக் கடந்தது என்று அறிவித்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். சிறிது நேரம் வரை கூட்டத்தின் ஆரவாரம் மட்டுமே நேயர்களின் காதில் விழுந்தது. பேசுவதற்கே சம்பளம் பெறும் ஒருவர், பேசவேண்டாத கணத்தை அறிந்திருந்தார்.

ஆரன் தளங்களைச் சுற்றி வருகையில் இரண்டு இளைஞர் களத்துக்குள் பாய்ந்து அவர் பக்கத்தில் ஓடினர். அந்நாட்களின் நிலைமையில் அந்தக் காட்சியைக் கண்டவர் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்! நல்லவேளையாக அவர்கள் முதுகில் தட்டிப் பாராட்ட வந்தவர்கள். வீட்டுத் தளத்தில் தாயார் எஸ்டெல்லா ஓடிவந்து மகனை இறுகக் கட்டிக்கொண்டார். விடாமல் பற்றிக்கொண்டிருந்தார். மைக்கின் முன் ஆரன் சொன்னது, இது முடிந்துவிட்டதே, கடவுளுக்கு நன்றி என்பதுதான். மகிழ்ச்சியினும் இளைப்பாறுதலே அந்தச் சொல்லில் மிகுதி. அந்த வசைக் கடிதங்களை அவர் எரித்துவிடவில்லை. 2021 ஜனவரியில் மறைவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, அவற்றை வீட்டில் பாதுகாத்து வைத்திருப்பதாகச் சொல்லிவந்தார்.

ஆரன் 1976 ஜூலை 20-ஆம் நாள், தாம் தொடங்கிய மில்வாக்கி நகரிலேயே, 755-ஆவதை அடித்தார். அதுவே அவருடைய கடைசி என்று அன்று எவரும் அறியார். பந்தை எடுத்த திடல் பணியாளர் ஒருவர் அதை ஆரனிடம் தாமே நேரில் கொடுக்க விரும்பினார். அதிகாரிகளிடம் ஒப்படைக்க மறுத்தார். மறுநாள் வேலை போயிற்று. கடைசிச் சம்பளத்தில் பந்தின் விலையாக ஐந்து டாலர் பிடித்தமும் செய்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பந்து ஆறு லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

ஜப்பானில் இவரைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு. சதஹாரு ஓ என்பவர் 1959 முதல் 1980 வரை டோக்கியோவின் யோமியூரி ஜயண்ட்ஸ் குழுவில் ஆடி 868 அடித்தார். 'ஓ' என்ற ஓரெழுத்தே அவருடைய குடும்பப் பெயர். தந்தை சீனாவிலிருந்து வந்து டோக்கியோவில் உணவுக் கடை வைத்திருந்தவர், தாய் ஜப்பானியர். டோக்கியோவிலேயே பிறந்து வளர்ந்தும், ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்ற காரணத்தால் 1957-இல் பள்ளி மாணவராக இருந்தபோது தேசிய விளையாட்டு விழாவில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சேர்ந்த புதிதில் ஆட்டம் சோபிக்கவில்லை. அராகாவா என்ற பயிற்சியாளர் அவரை வலக்காலை உயர்த்தி, ஒற்றைக்காலில் கொக்கைப் போல் நின்று அடிக்கச் செய்தார். தொங்கவிட்ட காகிதத்தை வாளால் வீசி வெட்டும் பயிற்சியும் தந்தார். 1977 செப்டம்பர் 3-ஆம் நாள் அவர் 756-ஆவதை அடித்து ஆரனின் எண்ணைக் கடந்தபோது ஜப்பானே கொண்டாடியது. ஜப்பானியப் பிரதமர் புதிதாக ஏற்படுத்திய மக்கள் மரியாதை விருதை முதன்முதலாகப் பெற்றவர், ஒருகாலத்தில் அந்நியர் என்று விலக்கப்பட்ட அவரே. ஜப்பானியத் திடல்கள் சிறியவை என்று அமெரிக்கர் சிலர் இந்த எண்ணை ஒதுக்குவதுண்டு. அங்கே ஆண்டுக்குப் பெரும்பாலும் நூற்று முப்பது ஆட்டங்களே நடந்தன என்பதை அவர்கள் உடன் சொல்வதில்லை. ஆரன் அவ்வாறு ஒதுக்கவில்லை. 1974-இல் டோக்கியோவுக்கே சென்று சதஹாருவோடு ஹோம் ரன் போட்டி ஆடி, பத்துக்கு ஒன்பது என்று வென்றார். பிறகு இருவரும் நண்பராகி, உலகக் குழந்தைகளுக்கென ஒரு பேஸ்பால் விழாவையும் தோற்றுவித்தனர்.

அமெரிக்கக் கணக்கில் இன்று முதலிடம் பேரி பாண்ட்ஸ் என்பவருக்கு. 2007 ஆகஸ்ட் 7-ஆம் நாள் 756, அவ்வாண்டு முடிவில் 762. உடல் வலிமையைக் கூட்டும் மருந்துகள் ஆட்டக்காரரிடையே பரவியிருந்த காலம் அது. அவர்மீதும் அந்தப் பழி படிந்தது. நீதிமன்ற வழக்கில் கிடைத்த தண்டனைத் தீர்ப்பு 2015-இல் நீக்கப்பட்டது. ஆயினும் புகழ் மண்டபத்துக்குச் செய்தியாளர் வாக்களித்த பத்து ஆண்டுகளிலும் அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 756-ஆவது பந்தை ஏலத்தில் எடுத்த ஆடை வடிவமைப்பாளர் ஒருவர், அதை என்ன செய்யலாம் என்று பொதுமக்களிடம் வாக்குக் கேட்டு, அவர்கள் விருப்பப்படி அதன்மேல் ஐயக்குறியாக ஒரு நட்சத்திரம் பொறித்து மண்டபத்துக்குக் கொடுத்தார். பதிவேட்டில் எண் இருக்கிறது, நட்சத்திரம் இல்லை. ஆரன் அன்றிரவு திடலுக்கு வரவில்லை. முன்கூட்டியே பதிவு செய்த வாழ்த்துரையைத் திரையில் காட்டினார்கள்.

எழுநூற்றை எட்டிய நால்வரில் கடைசியானவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். டொமினிக்கன் குடியரசில் பிறந்து, பதின்ம வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர். 1999-இல் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தபோது பன்னிரண்டு சுற்று வரை எவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. 2022 செப்டம்பர் 23-ஆம் நாள் ஒரே இரவில் 699-ஐயும் 700-ஐயும் அடித்தார். அவருடைய கடைசியான 703-ஆவது, அக்டோபர் 3-ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரில் நிகழ்ந்தது.

ரூத் 714-ஆவதை அடித்ததும் பிட்ஸ்பர்க்கில்தான் என்று முன்னே கூறினோம். அதே 1935-இல் அதே நகரில் கிராஃபோர்ட்ஸ் என்ற கறுப்பினக் குழுவில் ஜாஷ் கிப்சன் ஆடிக்கொண்டிருந்தார். அவரைப் புதைத்ததும் அந்நகரில்தான். 1975 வரை புதைத்த இடத்தில் பெயர்க் கல்லும் இல்லை. 2020-இல் மேஜர் லீக் நிருவாகம், 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக் போட்டிகளையும் தலைமைப் போட்டிகளாக ஏற்றது. 2024 மே மாதத்தில் அவற்றின் புள்ளிகளைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. கிப்சன் பெயருக்கு நேரே இப்போது உள்ள ஹோம் ரன் கணக்கு இருநூற்றுக்கும் குறைவு. லீக் ஆட்டங்களில் எழுத்துச் சான்று கிடைத்தவை மட்டும். அந்த ஆண்டுகளின் ஆட்டக் குறிப்புகளில் நான்கில் மூன்று பங்குதான் கைக்கு வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். மற்றவற்றைப் பிட்ஸ்பர்க், சிகாகோ, பால்டிமோர் நகரங்களில் கறுப்பின மக்கள் நடத்திய பழைய செய்தித்தாள்களில், பக்கம் பக்கமாக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.